பென்னும் கையுமாக ஓடும் கந்தோர்

பொத்துவிலில் நான் அடிக்கடி போகும் ஒரு கந்தோரில் ஐந்து கம்பியூட்டர்கள். ஐந்தும் நீல வயரால் ஒரே சுவிட்ச்சில் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆனாலும் ஒரு பட்டியல் மேசை மாற வேண்டுமென்றால் பென் டிரைவ்தான்.

"தம்பி, அந்தப் பென்னக் கொஞ்சம் தாங்க."

"வேணாம் காக்கா, அதுல வைரஸ்."

வயர் வழியே பைல் அனுப்பும் எஃப்டிபி விதிமுறையின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் வந்துவிட்டது. எழுதியவர் கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்த அபய் பூஷண். அரை நூற்றாண்டு கழிந்தும் நாம் பென்னோடு நடக்கிறோம்.

விண்டோஸுக்குள்ளேயே ரோபோகொப்பி என்றொரு கருவி இருக்கிறது, விஸ்டா காலத்திலிருந்து. நோட்பேடில் ஒரு வரி எழுதி, டாஸ்க் ஷெடியூலரில் நேரம் குறித்துவிட்டால் போதும். அளவோ தேதியோ மாறிய பைல்களை மட்டும் எடுத்துப்போகும். அந்தக் கந்தோருக்கு இரவு 11 மணி என்று குறித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு பைல்கூடப் போகவில்லை. இடி மின்னலுக்குப் பயந்து மாலையில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறார்களாம்! ளுஹர் தொழுகை நேரத்துக்கு மாற்றினேன்.

மறுநாள் பாதியில் நின்றது. யாரோ அவுட்லுக்கை மூடாமல் எழுந்து போயிருந்தார். திறந்திருக்கும் அஞ்சல் பைலை அது பிறருக்கு விடாது. ரோபோகொப்பியோ சொல்லாமல் விட்டால் 30 செக்கனுக்கு ஒருமுறை, பத்து இலட்சம் தடவை முயலும். கணக்குப் பார்த்தேன்: 347 நாள். மூன்று தடவை போதும் என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கல்முனை, அம்பாறை என்று தூரத்துக் கந்தோருக்கு மெதுவான லைனில் அனுப்புவதென்றால் ஆர்சிங்க் என்ற கருவி நல்லது. அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ டிரிட்ஜலும் போல் மக்கராஸும் 1996இல் வெளியிட்டது. அங்குள்ள பழைய பிரதியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் கைரேகைபோல ஓர் எண் போட்டு இங்கே அனுப்பும். இங்கே அதே அளவுச் சட்டமொன்றைப் புதிய பைலின்மீது ஒவ்வொரு பைட்டாக நகர்த்தி, எண் பொருந்தும் இடங்களைத் தேடும். பட்டியலின் தலையில் ஒரு பெயரைச் செருகினால் கீழுள்ளதெல்லாம் இடம் பெயர்ந்துவிடும்; சட்டம் நகர்வதால் அவை அப்படியே அகப்படும். புதிய பெயர் இருக்கும் துண்டு மட்டும் பயணப்படும்.

ஒரு பயம் மட்டும் எனக்குப் போகவில்லை. இவற்றில் கண்ணாடிப் பிரதி எடுக்கும் வசதி உண்டு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவையை, பைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது, லைனில் பூட்டியிருந்த மாற்றுப் பிரதியும் சேர்ந்தே போனது. கழற்றிவைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பவில்லை.

ஆகவே வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் எடுத்து, கழற்றி, அலமாரியில் பூட்டுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர் இது. அந்த அலமாரி கடற்கரைப் பக்கக் கட்டடத்தில் இருக்க வேண்டாம்.