சம்பளம் கூடியாச்சு... வயிறு ஏன் எரியுது?

மாதத்தின் முதல் வாரத்தில் என்னிடம் வருகிறவர்களுக்கும் கடைசி வாரத்தில் வருகிறவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் வாரத்தில் மூட்டுவலி, சளி, தோல் அரிப்பு என்று வருவார்கள். இருபதாம் தேதியைத் தாண்டிவிட்டால் போதும்... நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், ராத்திரி தூக்கமில்லை, 'மண்டை கனக்குது டாக்டர்' என்று ஆரம்பித்துவிடும். நான் இதை நோட்டுப் போட்டுக் கணக்கெடுத்ததில்லை. ஆனால், முப்பது வருடத்துக்கு மேல் நாடி பிடித்த விரல்களுக்கு இது பழகிப்போன சங்கதி.

இந்த வயிற்றுக் கோளாறுகளைச் சித்த மருத்துவத்தில் குன்மம் என்போம். எட்டு வகை சொல்லப்பட்டிருக்கிறது. அல்சர், கேஸ்ட்ரைட்டிஸ் என்று இன்று சொல்கிறார்களே, அவற்றில் பலவும் இதற்குள் அடங்கிவிடும். அதிகக் காரம், அதிகப் புளிப்பு, நேரங்கெட்ட சாப்பாடு ஆகியவற்றைக் காரணமாகச் சொல்லும் இடத்திலேயே கோபத்தையும் மனக்கவலையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள் பெரியவர்கள். காரத்தைக் குறைக்கச் சொன்னால் குறைத்துவிடலாம். கவலையைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை நீட்டினால் அது வைத்தியமா?

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பாவுக்கு வயது 74. மாநில அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு 41. சென்னையில் ஐ.டி. கம்பெனி வேலை, கைக்கு வருவது மாதம் 1 லட்சத்து 10 ஆயிரம். வயிற்றெரிச்சல் என்று வந்தவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தால் 156/100. கூட வந்த அப்பா சும்மா இருக்கவில்லை.

"இவன் வயசுல எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் சம்பளம் டாக்டர். இவன் ஒரு மாசத்துல வாங்குறதை நான் ரெண்டு வருஷமா வாங்கினேன். அதுல ரெண்டு பசங்களைப் படிக்க வெச்சு, பொண்ணைக் கட்டிக் குடுத்து, ஓட்டு வீட்டை இடிச்சு மாடியும் வெச்சேன். இவன் என்னடான்னா இருபத்தஞ்சாம் தேதி கையைப் பிசையுறான். எங்கதான் போகுது காசு?"

மகன் ஒன்றும் பேசவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சல் வயிற்றில் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்திருக்கும். பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அப்பா பார்ப்பது எதை?

மகன் வீட்டு ஹாலில் சுவரளவு டி.வி., படுக்கையறையில் ஏ.சி., கீழே கார். அப்பாவின் காலத்தில் ஒரு டயனோராவோ சாலிடேரோ வாங்குவது குடும்பத்தின் பெரிய காரியம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். போன் கனெக்‌ஷனும் அப்படியே. வெளியூருக்குப் பேச, ராத்திரி கட்டணம் குறைகிற நேரம் வரட்டும் என்று எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்றவர்கள் நாம். அதனால், இந்தப் பொருளெல்லாம் வீட்டில் இருந்தால் 'வசதி' என்று அந்தத் தலைமுறைக் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால், 1991-க்குப் பிறகு நடந்தது வேறு. டி.வி., போன், துணிமணி போன்றவை சம்பளத்தோடு ஒப்பிட்டால் மலிவாகிவிட்டன. ஒரு மனுஷன் வாழ்வதற்கு ஆதாரமான வீடு, பிள்ளைகள் படிப்பு, ஆஸ்பத்திரி மூன்றும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது என் அப்பா கட்டிய வருடாந்திரக் கட்டணம், இன்று ஒரு பிள்ளையின் ஸ்கூல் வேனுக்குக்கூடப் பத்தாது. அவசரத்துக்கு உதவும் என்று நம் வீட்டுப் பெண்கள் சேர்த்த தங்கம், 2024 மார்ச் கடைசியில் சென்னையில் பவுன் 50 ஆயிரத்தைத் தாண்டியது. அதற்கப்புறமும் நிற்கவில்லை.

இந்த மகன் வாங்கிய வீட்டுக் கடன் 50 லட்சம். வட்டி எட்டரை சதவிகிதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை 43,391 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 1 கோடியே 4 லட்சம் ஆகியிருக்கும். பாதிக்கு மேல் வட்டி. 'தவணையைக் குறைக்கலாமே' என்று 30 வருடமாக நீட்டினால் மாதம் சுமார் 5 ஆயிரம் குறையும். கட்டும் மொத்தத் தொகையோ 1 கோடியே 38 லட்சத்துக்குப் போய்விடும். இன்னொன்றும் நடந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவிகிதமாக உயர்த்தியபோது, தவணை ஏறாமல் வருடங்கள் மட்டும் ஏறிய கடன்கள் ஏராளம். பலருக்கு அது தெரியவே இல்லை. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்கள் கடன் எந்த வருடம் முடிகிறது என்று இந்த வாரமே பாங்க்கில் கேளுங்கள். வைத்தியர் எதற்கு பாங்க் விஷயம் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். 58 வயதில் முடியும் என்று நினைத்த கடன் 64-ல் முடியும் என்று திடீரெனத் தெரிந்த அன்றைக்குத்தான் ஒருவர் என்னிடம் மயக்கம் என்று வந்தார்.

அப்பாவிடம் இருந்து, மகனிடம் இல்லாத ஒன்று ஓய்வூதியம். தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கும், மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கும் (ராணுவத்தினர் தவிர) பழைய பென்ஷன் நிறுத்தப்பட்டது. தனியார் கம்பெனிக்காரருக்கு உள்ள பி.எஃப். பென்ஷனுக்கு 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அப்பா சம்பளம் குறைவாக வாங்கினார், ஆனால் நிம்மதியாகத் தூங்கினார். மகனின் சம்பளத்தில் ஒரு பங்கு இப்போதே அறுபது வயதுக்குப் போகணும்.

இதைக் கேட்டு, 'அந்தக் காலம் பொற்காலம்' என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தச் சிக்கனத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையில் இருமிய அம்மா கொடுத்தார். எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தைத் தின்று ரத்தசோகையோடு நடமாடியவரும் அவர்தான். காலேஜ் ஃபீஸ் கட்ட அவர் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அப்பாவின் கணக்கில் அந்தச் செலவு எழுதப்படவே இல்லை.

அடக்கக் கூடாதவை பதினாலு

சித்த மருத்துவத்தில் வேகங்கள் என்று பதினாலு உண்டு. மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் இப்படி உடம்பு தானாகக் கேட்பவை. அடக்கினால் நோய். இந்தப் பட்டியலில் கண்ணீரும் இருக்கிறது. அழுகையை அடக்கினால் தலை, கண் சம்பந்தமான கோளாறுகள் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மருமகள் தனியாக வந்தார். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர். மாதத்தில் நாலைந்து முறை தலைவலி. "மாமா எதிர்ல அழ முடியாது. பசங்க பார்த்தா பயந்துடும். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன் டாக்டர்" என்றார். அவர்தான் இன்னொன்றையும் சொன்னார். கணவர் பி.பி. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாராம். காசு பிரச்னை இல்லை. 'இந்த வயசுல எனக்கே இல்ல, உனக்கா?' என்று அப்பா கேட்பாரே என்று, ஆபீஸ் பையில் ஒளித்து வைத்திருக்கிறார். ஆபீஸ் போகாத நாளில் மாத்திரையும் இல்லை!

அப்பா மட்டும் என்னவாம்? அவருக்கு ஒரு கண்ணில் புரை. இரண்டு வருடமாக வெளியே சொல்லவில்லை. "ஆபரேஷன்னா அவன் லீவு போடணும். அவனுக்கே வேலை எப்போ போகுமோன்னு இருக்கு. பாவம்" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். மகன் எதிரில் குத்திப் பேசுகிற அதே மனுஷர்!

நான் மூன்று பேரையும் ஒன்றாக வரச் சொன்னேன். வருமானம், தவணை, ஃபீஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டும்படி மகனிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரொம்ப நேரம் படித்தார். "இவ்வளவு வட்டியாடா?" என்றார். அவ்வளவுதான். பேரன் ஃபீஸை என் பென்ஷனில் கட்டுகிறேன் என்றார். மகன் வேண்டாம் என்றார். அதற்கும் ஒரு சின்னச் சண்டை நடந்தது. கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. மாத்திரை இப்போது சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பி.பி. 138/88. கடன் அப்படியேதான் இருக்கிறது.

இனி மருந்து விஷயம். கவலையால் வரும் வயிற்றெரிச்சலுக்கு ஒரு டீஸ்பூன் சீரகத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, வெதுவெதுப்பாகக் குடித்து வரலாம். மதியம் நீர்மோர். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள், லேசாக. செல்போனில் பாங்க் பேலன்ஸ் பார்த்துக்கொண்டே சாப்பிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நிறையப் பேர் செய்கிறார்கள். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் முழுக்கு. காய்ச்சல், சளி இருந்தால் வேண்டாம். ஏலாதி சூரணம், தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் எல்லாம் நல்ல மருந்துகள்தான். ஆனால், நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அமுக்கரா ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றிலும் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. மருந்து இலவசம்.

பி.பி., சர்க்கரைக்கு ஆங்கில மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சித்த மருந்தை நம்பி அதைத் தானாக நிறுத்தவே கூடாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். விலை அதிகம் என்றால் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும். குடும்ப மருத்துவக் காப்பீட்டைச் செலவுக்குப் பயந்து கைவிட்டவர்கள் மறுபடி விசாரியுங்கள். தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

கடைசியாக ஒன்று. நெஞ்செரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், இடது கை அல்லது தாடை வலி சேர்ந்து வந்தால் சீரகத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மாதக் கடைசி, ஆஸ்பத்திரிச் செலவு என்று யோசிக்கவும் வேண்டாம். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.