திட்டா, வெறுப்பா? அல்காரிதத்துக்குப் பாடம் எடுத்த புனே மாணவர்கள்

“டேய் எருமை, சாப்பிட்டியாடா?” என்பது திட்டுதான், நண்பர்களுக்குள் அது பாசம். “அந்த ஆளுங்களை ஊரை விட்டே துரத்தணும்” என்பதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. ஆனால், அத்தனையும் வெறுப்பு. நமக்கு நொடியில் பிடிபடும் இந்த வித்தியாசம், எந்தப் பதிவை மேலே தூக்கிக் காட்டுவது, எதை நீக்குவது என்று முடிவெடுக்கும் அல்காரிதத்துக்குத் தானாகப் பிடிபடாது. மனிதர்கள் தரம் பிரித்துக் கொடுத்த உதாரணங்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட உதாரணங்கள் குவிந்து கிடக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 8.3 கோடிப் பேரின் தாய்மொழியான மராத்தியில் அவை சொற்பம்.

இந்தக் குறையின் விளைவை 2021இல் உலகம் பார்த்தது. ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்கள், இந்தி, வங்க மொழிகளுக்கே போதிய கண்டறியும் கருவிகள் இல்லாததால் வெறுப்புப் பதிவுகள் பல சிக்காமலே தப்பியதைச் சொல்லின.

புனே தன்கவடியில் உள்ள பிஐசிடி பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர், ஆய்வாளர் ரவிராஜ் ஜோஷியின் வழிகாட்டலில், ‘எல்3கியூப்’ என்ற குழுவின் பெயரில் இந்த இடைவெளியில்தான் கைவைத்தார்கள். 2021இல் சுமார் 16,000 மராத்தி ட்வீட்களை நேர்மறை, எதிர்மறை, நடுநிலை என்று பிரித்து ‘மஹாசென்ட்’ தொகுப்பை வெளியிட்டது இக்குழு. 2022இல் வந்தது ‘மஹாஹேட்’. இதில் 25,000க்கும் மேற்பட்ட ட்வீட்கள் வெறுப்பு, புண்படுத்தல், ஆபாச வசை, எதுவுமில்லை என நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன.

கேட்க எளிது, செய்ய உட்கார்ந்தால் மண்டை காயும். ஒரு தலைவரைக் கேலி செய்யும் ட்வீட் அரசியல் விமர்சனமா, அவருடைய சாதியைக் குத்துவதா? ஒரே வரிக்கு இருவர் இரண்டு விதமாகக் குறியிடுவது இத்துறையில் சகஜம். அதனால்தான் குறியிடுபவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை அளக்க, 1960இல் ஜேக்கப் கோஹன் வகுத்த ‘கப்பா’ என்ற அளவையை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அல்காரிதத்தின் ‘தீர்ப்பு’ என்பது இப்படி யாரோ சிலர் போட்ட குறிகளின் சாரம்தான்.

அடுத்த கேள்வி, உரைகளைப் படித்து மொழியைக் கற்கும் மென்பொருளான எந்த ‘மொழி மாதிரி’யிடம் இந்தப் பாடத்தைக் கொடுப்பது? கூகுள் 2018இல் வெளியிட்ட பன்மொழி ‘பெர்ட்’, விக்கிப்பீடியாவைப் படித்து 104 மொழிகளைக் கற்றது. அத்தனை மொழிகளுக்கும் சேர்த்து அதனிடம் இருப்பது சுமார் 1.2 லட்சம் சொற்கூறுகள். மராத்திக்குக் கிடைக்கும் பங்கு சிறிது. சொற்கள் துண்டு துண்டாக உடைபடும். எல்3கியூப் குழு 2.48 கோடி மராத்தி வாக்கியங்களைத் திரட்டி, அந்தப் பன்மொழி பெர்ட்டையே அவற்றில் மேலும் பயிற்றுவித்து, மராத்திக்கென்றே ‘மஹாபெர்ட்’டை உருவாக்கியது. மஹாஹேட்டில் சோதித்தபோது பன்மொழி மாதிரிகளை மராத்தி மாதிரிகள் முந்தின, முதலிடம் மஹாபெர்ட்டுக்கு.

தொகுப்பும் மாதிரியும் பொதுவெளியில் கிடைக்கின்றன. ‘எங்கள் கருவி எல்லா மொழியையும் புரிந்துகொள்ளும்’ என்று ஒரு பெருநிறுவனம் சொன்னால், இதே ட்வீட்களைக் கொடுத்து யாரும் உரசிப் பார்க்கலாம். இந்த ஆய்வின் உண்மையான பலம் இதுதான். ஆபத்தும் உண்டு: வெறுப்பைப் பிடிக்கும் கருவியை எதிர்க்கருத்தை அமுக்கவும் திருப்பிவிடலாம். குறிகள் திறந்து கிடந்தால்தான் அந்தத் தில்லுமுல்லு வெளிச்சத்துக்கு வரும்.

ஆனால், இப்படித் தரவு திரட்டும் வாசல் இப்போது சாத்தப்பட்டுவருகிறது. ட்வீட்களை இலவசமாகத் திரட்டும் வசதியை ட்விட்டர் 2023இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. ஃபேஸ்புக் பதிவுகள் பரவுவதைக் கண்காணிக்க உதவிய ‘கிரவுட்டேங்கிள்’ 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம், தகுதிபெற்ற ஆய்வாளர்களுக்குத் தரவு கொடுக்கும்படி பெரிய தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவில் அப்படியொரு கட்டாயம் இல்லை.

தமிழ் இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. பாரதி ராஜா சக்கரவர்த்தியும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய ‘திராவிடியன் கோட்மிக்ஸ்’ தொகுப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்த சுமார் 44,000 யூடியூப் கருத்துகள் உள்ளன. எல்3கியூப் 2023இல் வெளியிட்ட ‘இண்டிக்எஸ்பெர்ட்’ மாதிரி அறிந்த பத்து இந்திய மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால், நெல்லையில் செல்லமாகப் புழங்கும் ஒரு சொல் சென்னையில் சண்டையில் முடியலாம். அதைக் குறியிட அந்தந்த ஊர்க்காரர் வேண்டும். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் நம் பொறியியல் மாணவர்கள், தங்கள் வட்டார வழக்கில் ஆயிரம் வரிகளைக் குறியிடுவதிலிருந்தே தொடங்கலாம். அதற்கு வேண்டிய முதல் தகுதி, அந்தப் பேச்சு காதில் ஊறியிருப்பது.