புலி நிஜம்தான், தையல்தான் பொய்

நேதாஜி படைச் சின்னம் என்று சொல்லிக் கைமாறும் பழம்பொருள்களில் ஒரு துணித் துண்டுக்கு மட்டும் தனி கிராக்கி. கேடய வடிவம். காவி, வெள்ளை, பச்சை என மூன்று பட்டைகள். நடுவில் பாயும் புலி. உச்சியில் ஜெர்மன் மொழியில் ‘ஃப்ரையஸ் இந்தியென்’, அதாவது சுதந்திர இந்தியா என்ற எழுத்து. ஜெர்மன் ராணுவக் கோட்டின் வலது மேற்கையில் தைக்கப்பட்டது இது.

திருமங்கலத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இப்படி ஒன்று இறங்கி வந்து, “எங்க தாத்தா மலேயாவுல ஐ.என்.ஏ.வுல இருந்தாரு, அவரோடது” என்றும் சொன்னால், பூதக்கண்ணாடியை எடுக்கும் முன்பே சந்தேகப்படலாம். தாத்தா மீதல்ல, துணி மீது.

நேதாஜியின் பெயரோடு இரண்டு படைகள் உண்டு. மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் மலேயாவிலும் பர்மாவிலும் சேர்ந்தது இந்திய தேசிய ராணுவம், அதாவது ஐ.என்.ஏ. அதன் உடை பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் காக்கிதான். புலிக் கேடயம் போட்டது இன்னொன்று. 1941 ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்த போஸ், வட ஆப்பிரிக்கப் போரில் ஜெர்மானியரிடமும் இத்தாலியரிடமும் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு திரட்டிய இந்திய லீஜன் அது. ஜெர்மன் கணக்கில் 950-ஆம் காலாட்படை ரெஜிமென்ட். டிரெஸ்டன் அருகே கோனிக்ஸ்புரூக்கில் பயிற்சி. உச்சத்தில் சுமார் 3,000 பேர். 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கியில் கிழக்கே கிளம்பிவிட, படை ஹாலந்துக் கடற்கரைக்கும் பிறகு பிரான்சுக்கும் போனது. கீல் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் பக்கம் போனது போஸ்தானே தவிர அந்தப் படையல்ல. கோலாலம்பூர் தாத்தாவின் பெட்டிக்குள் கோனிக்ஸ்புரூக் கேடயம் எப்படி வந்தது என்பதற்கு விற்பவர் ஒரு வழி சொல்லியாக வேண்டும்.

வழி சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது துணியைத் திருப்ப வேண்டும். ஜரிகைச் சேலையை உள்பக்கம் புரட்டிப் பார்த்து விலை பேசுகிற மதுரைக்காரர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜெர்மானியர்கள் சின்னங்களைக் கையால் பூவேலை செய்தார்கள், இயந்திரத்தில் எம்பிராய்டரி போட்டார்கள், வுப்பர்டால் நகரத்து நாடா ஆலைகளில் ஜக்கார்டு தறியில் நெய்யவும் செய்தார்கள். நெய்த சின்னத்தின் பின்புறம் வண்ண நூல்கள் ஊடையோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரியின் பின்புறத்தில் பாபின் நூல் வெள்ளையாகத் தெரியும், அடியில் விறைப்பான செயற்கைத் தாள் ஒட்டியிருக்கும்.

அடுத்தது நூல். உள்பக்கம் தொங்கும் ஒரு பிசிறை மட்டும் கிள்ளித் தீயில் காட்டினால் போதும். கம்பளி முடி கருகும் வாடை அடிக்கும், பருத்தியும் ரேயானும் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அது பெரும்பாலும் பாலியஸ்டர். பாலியஸ்டர் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டதே 1941-ல். கடைக்கு வந்தது போருக்குப் பிறகு. புற ஊதா விளக்கடியில் நூல் நீலவெள்ளையாகப் பளீரென்றாலும் பலர் போலி என்று தள்ளிவிடுகிறார்கள். வெளுப்பேற்றும் ரசாயனம் போருக்குப் பின் பரவியதால் வந்த விதி அது. ஆனால் அசல் துணியை யாரோ ஒரு மருமகள் சலவைப் பவுடரில் ஊறவைத்திருந்தாலும் அப்படித்தான் மின்னும். தீயை நம்புகிற அளவுக்கு விளக்கை நான் நம்பமாட்டேன்.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான். சின்னம் அசல், கோட்டும் அசல், இரண்டையும் சேர்த்துத் தைத்தது மட்டும் போன வருஷம் என்றால்? தோற்ற படைகளின் கோட்டுகளிலிருந்து 1945-க்குப் பிறகு சின்னங்கள் பிய்த்தெடுக்கப்பட்டன. மொட்டைக் கோட்டுகள் நிறைய, உதிரிச் சின்னங்களும் நிறைய. இரண்டையும் ஜோடி சேர்த்தால் விலை பல மடங்கு. இதைப் பிடிக்க மதுரைப் புதுமண்டபத்தில் ஊசி பிடித்த தையல்காரர் எவரும் போதும். லைனிங் வைக்கும் முன்பே தொழிற்சாலையில் தைத்த சின்னத்தின் தையல் லைனிங்கைத் துளைத்து உள்ளே வராது. பிறகு தைத்தவர் சோம்பேறியாக இருந்தால் ஊசி மறுபக்கம் எட்டிப்பார்த்திருக்கும். சின்னத்தின் ஓரத்தை லேசாகத் தூக்கினால் அடியில் துணி வெளிறாமல் கருக்காக இருக்க வேண்டும். அந்த நிழல் வேறு வடிவத்தில் இருந்தாலோ, பழைய ஊசித் துளைகள் வேறு கோட்டில் ஓடினாலோ, அங்கே முன்பு இருந்தது வேறொரு சின்னம்.

இன்னும் விசித்திரமான ஒன்று உண்டு. 1944 ஆகஸ்டில் லீஜன், நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ். வசம் மாற்றப்பட்டது. அவர்களுக்கென்று புலித்தலை பொறித்த காலர் சின்னம் தயாரானதாகச் சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். யாரும் அதை அணிந்ததாக நம்பத்தக்க புகைப்படம் ஒன்றுகூட இல்லை. ஆகவே புலித்தலையோடு ஒரு கோட்டு வந்தால், தலை அசலாகவே இருந்தாலும் கோட்டு பொய்.

உலோகப் பதக்கங்களில் நிலைமை இன்னும் மோசம். போஸ் 1942-ல் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்களைச் செய்தது வியன்னாவின் ருடால்ஃப் சூவால் நிறுவனம். போருக்குப் பிறகும் அதே நிறுவனம் சேகரிப்பாளர்களுக்காகச் செய்து விற்றது. அசலைச் செய்த கையே நகலையும் செய்தால் எதைக் கொண்டு பிரிப்பது? துணிச் சின்னங்களில் அந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. ஆனால் ஜரிகைக் கம்பியில் கையால் போட்ட ஜெர்மன் அதிகாரிச் சின்னங்களின் நகல்கள் உலகச் சந்தைக்குப் போவது சியால்கோட்டிலிருந்தும் நம்முடைய வாரணாசியிலிருந்தும்தான். வேலை சில சமயம் அசலைவிட நேர்த்தி. அதுவே காட்டிக்கொடுத்தும் விடுகிறது: போர் முற்றிய வருடங்களில் ஜெர்மன் கம்பளியில் ரேயான் கலப்பு ஏறி, துணியே மட்டமாகிவிட்டது.

சட்டமும் இங்கே துணைக்கு வராது. 1972-ன் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 வயது ஆன பொருள்களைத்தான் தொல்பொருளாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் கோட்டுகளுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

மலேயா தாத்தா உண்மையிலேயே படையில் இருந்திருந்தால் தேட வேண்டியது துணியை அல்ல. 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு தந்த தியாகி பென்ஷனுக்காக அவரோ பாட்டியோ விண்ணப்பித்திருக்கலாம். பென்ஷன் உத்தரவு, உடன் சிறையிலிருந்தவர் எழுதித் தந்த சான்று, முகாம் பெயரும் தேதியும் போட்ட விடுதலைத் தாள் ஆகியவை அதே டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். பெட்டியைக் காலி செய்கிறவர்கள் முதலில் எடைக்குப் போடுவது அந்தக் கட்டைத்தான்.