மூழ்கிய நெல்லும் மூதாதையர் விதையும்

நெல் நீரை நாடும் பயிர். ஆயினும், அதன் அடி நீரில் நிற்பது வேறு. இலைநுனி வரை நீருள் அமிழ்ந்து போவது வேறு. வெள்ளம் வயலை மூடி ஒரு வாரத்துக்கு மேல் நிற்குமாயின் பெரும்பாலான நெல்லினங்கள் மடிந்துவிடும். கிழக்கு மாகாணத்தின் வட்டைகளில் விதைத்துப் பழகிய தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் இறுதியில் கொட்டிய பெருமழையின்போதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியபோதும் பெரும்போகத்தின் இளம் பயிர்கள் வெள்ளத்தில் மூழ்கின. விதைநெல்லுக்கும் உழவுக்கும் பட்ட கடன் மட்டும் மூழ்காது எஞ்சி நின்றது.

மூழ்கிய நெல் ஏன் சாகிறது, சில நெல்லினங்கள் மட்டும் ஏன் சாவதில்லை என்னும் வினாக்களுக்குத் தாவர மூலக்கூற்று உயிரியல் கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவான விடையைக் கண்டிருக்கிறது. அவ்விடை ஆய்வுகூடத்துடன் நின்றுவிடாமல் இந்தியாவிலும் பங்களாதேஷிலும் இலட்சக்கணக்கான வயல்களை எட்டியுமிருக்கிறது. இந்த அறிவு எங்கிருந்து கிடைத்தது, யாருக்குப் பயன்பட்டது, இதில் எமக்குள்ள உரித்து யாது என்பனவற்றை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

முதலில் பயிர் மடிவதற்கான காரணத்தைப் பார்ப்போம். வாயுக்கள் வளியில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். எனவே மூழ்கிய பயிருக்கு வேண்டிய ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் போதியளவு உள்ளே வருவதில்லை. பயிர் தானே உண்டாக்கும் எதிலீன் என்னும் வாயு வெளியேறுவதுமில்லை. உள்ளே தேங்கும் எதிலீன், வளர்ச்சியைத் தூண்டும் கிபரெலின் என்னும் ஓமோனின் செயலை முடுக்கிவிடுகிறது. பயிர் நீர்மட்டத்தை எட்டிப் பிடித்து மூச்சுவிடும் நோக்கில் விரைந்து நீள்கிறது. வெள்ளம் ஆழமற்றதாயின் இம்முயற்சி பலிக்கும். ஆழமான கலங்கல் நீரிலோ, சேமித்து வைத்த மாப்பொருளையும் சீனியையும் செலவிட்டுத் தீர்த்துவிட்டுப் பயிர் சோர்ந்து விழுகிறது. வெள்ளம் வடிந்த பின்னர் மீண்டெழுவதற்கு அதனிடம் கையிருப்பு எதுவும் இருப்பதில்லை.

இதற்கு விதிவிலக்கான நெல் ஒன்று இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் இருந்தது. அப்பகுதி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த உள்ளூர் இனம் ஒன்றிலிருந்து தெரிவுசெய்யப்பட்டு, எவ்.ஆர். 13 ஏ என்னும் பெயரில் 1940களில் அறிமுகமான இந்நெல், முற்றாக மூழ்கிய நிலையில் இரு வாரங்கள் வரை தாக்குப்பிடித்தது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் 1970களில் இதன் சிறப்பைக் கண்டு கலப்பினச் சோதனைகளைத் தொடங்கியது. ஆனால், வெள்ளந்தாங்கும் பண்போடு குறைந்த விளைச்சல், விரும்பப்படாத சோற்றுத் தரம் முதலிய பண்புகளும் கூடவே வந்து சேர்ந்தமையால் அப்புதிய இனங்களை விவசாயிகள் ஏற்கவில்லை. எந்தப் பரம்பரையலகு தேவையானது, எது வேண்டாதது எனப் பிரித்தறியும் வழி அக்காலத்தில் இருக்கவில்லை.

அவ்வழியை மூலக்கூற்று உயிரியல் திறந்துவிட்டது. கெனொங் சூ, டேவிட் மக்கில் ஆகிய ஆய்வாளர்கள் 1996 ஆம் ஆண்டில் இப்பண்பு நெல்லின் ஒன்பதாவது நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியிலேயே பெரிதும் தங்கியிருப்பதைக் காட்டினர். அப்பகுதிக்கு 'சப் 1' எனப் பெயரிடப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின்னர், 2006 இல், பமெலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரெஸ் ஆகியோரையும் உள்ளடக்கிய குழு 'சப் 1 ஏ' என்னும் தனியொரு பரம்பரையலகே இதற்குக் காரணமென 'நேச்சர்' ஆய்விதழில் அறிவித்தது.

இப்பரம்பரையலகின் வேலை வியப்புக்குரியது. பயிர் மூழ்கியதும் விழித்தெழும் இது, கிபரெலினின் தூண்டுதலைத் தடுக்கும் புரதங்களைப் பெருகச் செய்கிறது. அதன் விளைவாகப் பயிர் நீள்வதில்லை. வளர்ச்சியை நிறுத்தி, கையிருப்பைச் சிக்கனமாகச் செலவிட்டு, வெள்ளம் வடியும்வரை அடங்கிக் காத்திருக்கிறது. நீர் வடிந்ததும் எஞ்சிய சேமிப்பைக்கொண்டு புதுத் துளிர் விடுகிறது. நோன்பிருப்பவரின் கட்டுப்பாட்டை இதற்கு ஒப்பிட்டால் அது மிகையாகாது.

இதற்கு நேர்மாறான வழியைக் கையாளும் நெல்லும் உண்டு. பங்களாதேஷின் ஆழ்நீர் நெல், வெள்ளம் உயர உயரத் தானும் பல மீற்றர் உயரத்துக்கு நீள்கிறது. இதற்குப் பொறுப்பான இரு பரம்பரையலகுகளை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொட்டோயுக்கி அஷிகாரியின் குழுவினர் 2009 இல் கண்டறிந்தனர். அடங்கியிருக்கச் சொல்லும் 'சப் 1 ஏ'யும் எழுந்து ஓடச் சொல்லும் இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. சில நாட்களில் வடியும் திடீர் வெள்ளத்துக்கு முதலாவது வழி ஏற்றது. மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்துக்கு இரண்டாவது ஏற்றது. 2011 இல் இரு ஆய்வுக் குழுக்கள், ஒட்சிசன் குறைவதைத் தாவரம் எவ்வாறு உணர்கிறது என்பதைக் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்னும் சிறு செடியில் விளக்கின. அங்கும் இதே குடும்பத்துப் புரதங்களே முன்னின்றன. 2020 இல் நகோயா குழுவினர், நெற்தண்டின் நீட்சியை முடுக்குவதும் தடுப்பதுமான வேறிரு பரம்பரையலகுகளை இனங்கண்டனர். ஒரு வினாவின் விடை அடுத்த வினாவுக்கு வாயில் திறப்பதே விஞ்ஞானத்தின் இயல்பு.

இனி இவ்வறிவு வயலுக்கு வந்த வழியைக் காண்போம். கிழக்கிந்தியாவில் பெரிதும் விரும்பிப் பயிரிடப்படும் 'சுவர்ணா' நெல்லுடன் வெள்ளந்தாங்கும் நெல் கலக்கப்பட்டது. பிறந்த நாற்றுகளின் இலைத் துணுக்கிலிருந்து மரபணுப் பொருள் பரிசோதிக்கப்பட்டு, 'சப் 1' பகுதியை உடையவை மட்டும் தெரிவுசெய்யப்பட்டன. அவை மீண்டும் மீண்டும் சுவர்ணாவுடனேயே கலக்கப்பட்டன. ஈற்றில் கிடைத்தது ஏனைய எல்லாப் பண்புகளிலும் சுவர்ணாவாகவும், வெள்ளத்தில் மட்டும் எவ்.ஆர். 13 ஏ போன்றும் அமைந்த நெல். 'சுவர்ணா சப் 1' என்னும் இந்நெல் 2009 இல் இந்தியாவிலும், 2010 இல் பங்களாதேஷிலும் விவசாயிகளுக்கென வெளியிடப்பட்டது. இதில் வேற்று உயிரினத்தின் பரம்பரையலகு எதுவும் புகுத்தப்படவில்லை என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும். நெல்லுடன் நெல்லைக் கலக்கும் பழைய முறையே இங்கும் பின்பற்றப்பட்டது. தெரிவுசெய்யும் கண் மட்டுமே புதியது. மரபணு மாற்றப் பயிர் பற்றிய அச்சங்களை இதன்மீது ஏற்றுவது பொருந்தாது.

சமூக நோக்கில் எம்மைக் கவர்ந்த செய்தி வேறொன்றாகும். ஒடிசாவில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு, வயல் பத்து நாட்கள் மூழ்கிய இடங்களில் புதிய நெல்லின் விளைச்சல் பழைய சுவர்ணாவைவிட 45 சதவீதம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வெள்ளம் வராத வயல்களில் இரண்டுக்குமிடையே விளைச்சலில் குறைவு ஏதும் காணப்படவில்லை. பயனடைவோர் யார் என்பதையும் அவ்வாய்வு ஆராய்ந்தது. மேட்டு நிலங்கள் வசதி படைத்தோரிடமும், வெள்ளம் தேங்கும் பள்ள நிலங்கள் தாழ்த்தப்பட்ட சாதியினரிடமும் கூடுதலாக இருந்தமையால், இந்நெல்லின் பயன் நலிந்தோருக்கே அதிகம் சேரும் என்பது அதன் முடிவு. 2016 இல் வெளியான மற்றுமோர் ஆய்வு, வெள்ள அச்சம் குறைந்ததும் விவசாயிகள் பசளைக்கும் பயிர்ச்செய்கைக்கும் துணிந்து கூடுதலாக முதலிட்டனர் என்பதை எடுத்துக்காட்டியது. ஏழை விவசாயியின் முயற்சியின்மையாகப் பலரும் கருதுவது, உண்மையில் இழப்பைத் தாங்க முடியாதவனின் எச்சரிக்கையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும், இந்நெல்லை அற்புத மருந்தாகக் கொள்ளலாகாது. வளர்ந்துவரும் இளம் பயிர் ஏறத்தாழ இரு வாரங்கள் வரை மூழ்கிக் கிடந்தால் மட்டுமே இது கைகொடுக்கும். முளைக்கும் பருவத்திலும், பூக்கும் பருவத்திலும், கதிர் முற்றிய பின்னரும் வரும் வெள்ளத்தில் இதனால் பயனில்லை. அரைகுறையாக நீண்டகாலம் தேங்கும் நீரில் நீளாதிருப்பதே இதற்குத் தீங்காகவும் முடியலாம். எமது நாட்டு அனுபவத்தை வைத்தே கூறுவதாயின், நவம்பர் வெள்ளத்துக்கு இவ்வகை நெல் பெரிதும் பொருந்தும். 2011 இன் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கை மூழ்கடித்தது போன்ற, அறுவடையை அண்டி வரும் வெள்ளத்துக்குப் பொருந்தாது. அதற்கு வடிச்சல் வாய்க்கால்களைத் துப்புரவு செய்வதும் குளங்களின் நீரைத் திறந்துவிடுவதில் முன்யோசனையோடு நடப்பதுமே மருந்தாகும்.

இவ்விடத்தில் எமது நாட்டுக்குரிய உரித்தைப் பேசுவது தகும். வெள்ளந்தாங்கும் பண்பு ஒடிசாவுக்கு மட்டும் சொந்தமானதன்று. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தின் சேகரிப்பிலிருந்து இப்பண்புக்காக இனங்காணப்பட்ட மிகச் சில நெல்லினங்களுள் 'குர்கறுப்பன்', 'தவலு', 'கொட ஹீனட்டி' ஆகிய மூன்றும் இலங்கையைச் சேர்ந்தவை. முதலாவதன் பெயரைக் கேட்கும்போது யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பனை நினைவுகூராத தமிழர் இருக்க முடியாது. இவற்றிலும் அதே பரம்பரையலகின் வெள்ளந்தாங்கும் வடிவம் உள்ளதெனப் பின்னைய ஆய்வுகள் காட்டின.

இன்னுமோர் உதாரணமும் உண்டு. கிழக்கில் 'அறக்கொட்டி' எனவும், விவசாயத் திணைக்களத்தின் ஏடுகளில் 'கபில நிறத் தத்தி' எனவும் வழங்கும் பூச்சி, ஆசிய நாடுகளெங்கும் நெல்லைத் தீய்ந்ததுபோல் ஆக்கிவிடும் கொடிய பகைவன். அதனை எதிர்க்கும் ஆற்றல் இலங்கையின் 'ரத்து ஹீனட்டி' நெல்லில் உண்டென்பது 1970களிலேயே அறியப்பட்டது. 2015 இல் சீன ஆய்வாளர்கள், அவ்வாற்றலின் பின்னணியில் நான்காவது நிறமூர்த்தத்தில் அருகருகே அமைந்த மூன்று பரம்பரையலகுகள் உள்ளதைக் கண்டறிந்தனர். பல நாடுகளின் புதிய நெல்லினங்களைக் காக்கும் கவசம், எமது சிங்கள விவசாயிகள் பேணிய ஒரு சிவப்பு நெல்லில் அடங்கியிருந்தது. எந்த மொழி பேசுவோரின் வயலில் விளைந்தாலும் இவையாவும் இத்தீவு மக்களின் பொதுச் சொத்தேயாகும்.

முன்பு இத்தகைய விதையைப் பயன்படுத்த விரும்புவோர் அதனைக் கையில் பெற்றாக வேண்டும். இன்று விதை வேண்டியதில்லை. அதன் மரபணு வரிசை கணினித் தரவாகக் கிடைத்தாலே பல வேளைகளில் போதும். பரம்பரையலகை இருந்த இடத்திலேயே திருத்தும் நுட்பம் வயலை அண்மித்துவிட்டது. இந்தியா 2025 மே மாதத்தில் இம்முறையில் உருவான இரு நெல்லினங்களை அறிவித்தது. இத்தகைய சூழலில், விதையைப் பேணிய சமூகங்களுக்கு என்ன கைம்மாறு என்ற வினா முன்னெப்போதையும்விடக் கூர்மையடைந்துள்ளது. உயிரினப் பல்வகைமைச் சமவாயத்தின் கீழ் 2024 இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய நாடுகளின் இணக்கப்படி, 2025 பெப்ரவரியில் 'காலி நிதியம்' தொடங்கப்பட்டது. மரபணுத் தரவுகளால் இலாபமீட்டும் பெரும் கம்பனிகள் அதன் ஒரு பங்கை இந்நிதியத்துக்கு வழங்க வேண்டுமென எதிர்பார்க்கப்படுகிறது. நிதியின் பாதியேனும் பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் செல்ல வேண்டும் என்பதும் இணக்கத்தில் அடங்கும். ஆனால், கொடுக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. எனவே அதனை நம்பி நாம் வாளாவிருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை நம் கையிலேயே உள்ளன. ஜப்பானிய உதவியுடன் 1980களின் இறுதியில் கன்னொறுவையில் அமைக்கப்பட்ட தாவர மரபுரிமை வளங்கள் நிலையம் நாட்டின் விதைகளைக் குளிர்கூடத்தில் காத்துவருகிறது. அதற்கான நிதி எந்நெருக்கடியிலும் வெட்டப்படாதிருத்தல் வேண்டும். குளிர்கூடத்து விதை பழைய வெள்ளத்தையே அறியும். வயலில் ஆண்டுதோறும் விதைக்கப்படுவதே மாறிவரும் காலநிலைக்கு ஏற்பத் தானும் மாறும். ஆதலால், மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் இன்னும் கைவிடாத சிறு விவசாயிகளுக்கு ஊக்கமளிப்பது தயவன்று, முதலீடாகும்.

அடுத்தது, வெள்ளந்தாங்கும் விதை உரியவரைச் சென்றடைய வேண்டும். பள்ளக்காணிகளில் குத்தகைக்குச் செய்கை பண்ணுவோரே முதலில் மூழ்குகின்றனர். அவர்களே ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னரும் நட்டஈட்டுப் படிவங்களுடன் அலைகின்றனர். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பணிகள் கிழக்கினதும் வன்னியினதும் தாழ்நிலங்களில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, அதன் முடிவுகள் தமிழிலும் விவசாயிகளுக்கு அறிவிக்கப்படல் வேண்டும். எந்த வட்டையில் எவ்வளவு ஆழத்துக்கு எத்தனை நாள் நீர் நிற்கும் என்பதை வட்டவிதானைமாரும் விவசாய அமைப்புகளும் நன்கறிவர். அவ்வறிவை எழுத்தில் வடித்து ஆய்வாளரிடம் சேர்ப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

மூன்றாவது, எமது இளைய தலைமுறை பற்றியது. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் உயிரியல் பயிலும் மாணவர்கள், பரம்பரையலகு என்பது மேனாட்டு ஆய்வுகூடங்களுக்கு மட்டும் உரிய விடயமெனக் கருதிவிடலாகாது. மேனாட்டார் வாசித்த ஏடுகளுட் சில எமது வயல்களில் எழுதப்பட்டவை. இன்னும் வாசிக்கப்படாதவை பல இருக்கக்கூடும். அவற்றை வாசிக்கும் முன்னரே விதை அழிந்துபோகுமாயின், அந்த இழப்பை ஈடுசெய்ய எந்த விஞ்ஞானத்தாலும் இயலாது. அடுத்த பெரும்போக மழைக்கு முன்னராவது ஆட்சியாளர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களா?