நினைத்தது யார்?

"கேரளம் அஞ்சுகிறது, தமிழ்நாடு மறுக்கிறது."

முல்லைப் பெரியாறு அணை பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்கு இந்த மாதிரி வாக்கியம் பழக்கமானது. சின்ன வாக்கியம்தான். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். மாநிலத்துக்கு மனம் உண்டா? அது எப்படி அஞ்சும்? அஞ்சியது யார்? மந்திரியா? வக்கீலா? அணைக்குக் கீழே குடியிருப்பவரா? ஆங்கில வாக்கியம் அதைச் சொல்வதில்லை. ஊரின் பெயரையோ, நாட்டின் பெயரையோ எழுவாயாக நிறுத்திவிட்டு, அதற்கு ஓர் எண்ணத்தையும் கொடுத்துவிடும்.

அணையின் கதை

1886-ம் ஆண்டில் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் சென்னை அரசாங்கத்துக்கும் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. காலம் 999 ஆண்டுகள். பென்னி குயிக் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு செழித்தது.

அணையின் பலம் பற்றிச் சந்தேகம் கிளம்பியதால், 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு வழக்கு. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. கேரள சட்டசபை தனிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்தத் திருத்தம் செல்லாது என்று 2014 மே 7-ந்தேதி தீர்ப்பு வந்தது.

இவ்வளவு காலமும் ஆங்கிலச் செய்திகளில் மாநிலங்களே பேசின, மாநிலங்களே பயந்தன.

வண்டிப்பெரியாற்றுத் தமிழர்

அணைக்குக் கீழே, ஆற்றின் வழியில் இருக்கும் ஊர் வண்டிப்பெரியாறு. கேரளத்து ஊர்தான். ஆனால் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அணை உடையும் என்ற பேச்சு வந்தால் அவர்கள் வயிற்றிலும் புளி கரைக்கும். அவர்களை எந்த வாக்கியத்தில் சேர்ப்பது? "கேரளம் அஞ்சுகிறது" என்பதிலா? "தமிழ்நாடு மறுக்கிறது" என்பதிலா?

இந்தப் பக்கமும் அப்படியே. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறி, மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பலர். 2011 டிசம்பரில் கிளர்ச்சி மூண்டபோது எல்லைப் பாதையில் போக்குவரத்து நின்றது. அவர்களுடைய கூலியும் நின்றது. இரண்டு மாநிலங்கள் மோதுவதாகச் செய்தி வந்தது. அன்று அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அந்த வாக்கியத்தில் அடங்கவில்லை.

எந்த விவசாயிகள்?

மாநிலத்தை விட்டுவிடுவோம். "விவசாயிகள் நினைக்கிறார்கள்" என்று எழுதினால் போதுமா?

உத்தமபாளையத்துக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கிறது ராயப்பன்பட்டி. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். அங்கே சண்முகாநதி நீர்த்தேக்கம் இருக்கிறது. தோட்டங்களில் கிணறுகளும் இருக்கின்றன. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவதோ பெரியாற்றுத் தண்ணீரால். வாய்க்கால் தண்ணீரை நம்பி நாற்றுப் பாவியவரின் கவலை வேறு. கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கொடி கட்டியவரின் கவலை வேறு. "தி பார்மர்ஸ்" என்ற ஆங்கிலச் சொல் இருவரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. எத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. பத்துப் பேர் சொன்னாலும் அதே சொல். பதினாயிரம் பேர் சொன்னாலும் அதே சொல்!

வினைச்சொல்லின் வேலை

ஆங்கிலத்தில் வினைச்சொல்லும் ஒரு பக்கம் சாயும். "கிளெய்ம்" என்று எழுதினால், "அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், நான் பொறுப்பல்ல" என்று பொருள். "பாயிண்ட் அவுட்" என்றால், "அவர்கள் சுட்டிக்காட்டியது உண்மை" என்று எழுதியவரே ஒப்புகிறார். "அட்மிட்" என்றால், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். சொன்ன சேதி ஒன்றே. ஆனால் ஒரு பக்கத்தாருக்குக் "கிளெய்ம்", மறு பக்கத்தாருக்குப் "பாயிண்ட் அவுட்" என்று போட்டாலே தராசு சாய்ந்துவிடும்.

"இட் இஸ் பியர்டு" என்பது இன்னும் தந்திரமானது. "அஞ்சப்படுகிறது" என்று பொருள். அஞ்சுகிற ஆளே அங்கே இல்லை!

காலம் மாறும் விந்தை

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "அணை பலமாக இருக்கிறது என்று விவசாயிகள் நினைத்தார்கள்" என்கிறோம் நாம். அவர்கள் மனத்தில் இருந்த சொல் அப்படியே நிற்கிறது. "என்று" என்பது அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்திலோ "நினைத்தார்கள்" என்பது இறந்தகாலமானால், உள்ளே இருக்கும் வினையும் பெரும்பாலும் இறந்தகாலத்துக்குப் போய்விடும். வண்டியின் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவது போல!

அதை அப்படியே பெயர்த்து, "அணை பலமாக இருந்தது என்று நினைத்தார்கள்" என்று தமிழில் எழுதினால் விபரீதம். இப்போது பலம் இல்லையோ என்று படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கூட்டாகச் சொல்ல முடியாதா?

முடியும். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு அமைத்த குழுவைப் பாருங்கள். தலைவர் ஏ.எஸ். ஆனந்த். அவரையும் சேர்த்து ஐந்து பேர். கேரளம் நியமித்தவர் ஒருவர். தமிழ்நாடு நியமித்தவர் ஒருவர். அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று 2012-ல் அறிக்கை கொடுத்தார்கள். 2014 தீர்ப்பை வழங்கியவர்களும் ஐந்து நீதிபதிகள். "குழு கருதியது" என்று எழுதினால், கருதியவர்கள் யார், எத்தனை பேர், எதைப் பார்த்துக் கருதினார்கள் என்று ஏட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். "கேரளம்", "தமிழ்நாடு" என்ற சொற்களுக்கு அப்படி ஏடு எதுவும் இல்லை.

குற்றம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல. "தமிழகம் கொதிக்கிறது" என்று நாமும் எழுதுகிறோம். ஆகவே எந்த மொழியில் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். நினைத்தது யார்? எத்தனை பேர்? அவர்களிடம் கேட்டவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அது செய்தி. இல்லாவிட்டால் அது எழுதியவரின் எண்ணம். அதை நம்பி அண்டை வீட்டாரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.