விபிஎன் இணைந்தும் அலுவலகக் கணினி கிடைக்காதபோது

வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் நுழைய விபிஎன் பயன்படுத்துவோர் பலரும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். 'கனெக்டட்' என்று திரை காட்டும். ஆனால் அலுவலக சர்வரில் உள்ள ஃபோல்டர் திறக்காது. விண்டோஸின் 'நெட்வொர்க்' பக்கத்தில் ஒரு கணினியும் தென்படாது. வீட்டுக் கணினிக்கும் அலுவலக விபிஎன் சர்வருக்கும் இடையே பாதை திறந்துவிட்டது என்பது மட்டுமே 'கனெக்டட்' என்பதன் பொருள். அந்த சர்வருக்கு அப்பால் இருக்கும் கணினிகளைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. அவற்றை எட்ட முகவரி, போகும் வழி, திரும்பும் வழி, அனுமதி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருக்க வேண்டும். எது தடுக்கிறது என்று தெரியாமல் விபிஎன் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவதால் பெரும்பாலும் பயனில்லை.

'நெட்வொர்க்' பக்கம் காலியாக இருப்பது பழுதே அல்ல. அருகில் யார் இருக்கிறார்கள் என்று விண்டோஸ் எல்லாருக்கும் பொதுவாகக் குரல் கொடுத்துத்தான் அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறது. அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டாது. சாதாரண விபிஎன் இணைப்பையும் தாண்டாது. ஆகவே பட்டியலில் தேடுவதை விட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகள் போட்டு, சர்வரின் ஐபி எண்ணையே நேராகத் தட்டிப் பார்க்க வேண்டும். எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்கவில்லை என்றால் வழி சரி, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டுமே கோளாறு. விபிஎன் இணைந்தபின் அலுவலகத்தின் டிஎன்எஸ் சர்வர் வீட்டுக் கணினிக்குக் கிடைத்ததா என்பதை 'ஐபிகான்ஃபிக் ஆல்' கட்டளை காட்டிவிடும். கிடைத்திருந்தும் குறும்பெயர் வேலை செய்யாவிட்டால், டொமைனையும் சேர்த்து முழுப் பெயரைக் கொடுத்தால் பல நேரம் திறந்துகொள்ளும்.

எண்ணுக்கும் திறக்கவில்லை என்றால் பலரும் உடனே பிங் செய்து பார்ப்பார்கள். பிங்குக்குப் பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் வழியே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பிங்கை மட்டும் தடுத்துவைத்திருக்கும் ஃபயர்வால்கள் ஏராளம். தேவையான போர்ட்டையே தட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. ஃபைல் பகிர்வுக்கு டிசிபி 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளைக்கு ஐபி எண்ணையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் விடை வந்துவிடும்.

வீட்டில் இருந்து வேலை செய்வோரை அதிகம் அலைக்கழிப்பது முகவரி மோதல். தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று மூன்று எண் தொகுதிகளை 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணம் ஒதுக்கியது: 10-இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரையிலானது, 192.168-இல் தொடங்குவது. இவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கடையில் வாங்கும் ரூட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்றே அமைக்கப்பட்டு வருகின்றன. வீட்டு ரூட்டரும் 192.168.1, அலுவலகமும் 192.168.1 என்று வைத்துக்கொள்வோம். அலுவலக சர்வர் 192.168.1.25. இந்த எண்ணைக் கேட்டதும் வீட்டுக் கணினி அதை அதே வைஃபையில் இருக்கும் ஒரு கருவி என்றே எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. விபிஎன் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. எல்லாப் போக்குவரத்தையும் விபிஎன் வழியே அனுப்பும்படி அமைத்திருந்தாலும் பொதுவாக இதே கதைதான், ஏனென்றால் பொதுவான வழியைவிடக் குறிப்பிட்ட வழிக்கே கணினி முதலிடம் தரும்.

இந்த மோதலைக் காட்டிக்கொடுக்கும் தடயம் பிங் திரையிலேயே இருக்கிறது. '192.168.1.7-இலிருந்து பதில்: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வரும். அந்த 192.168.1.7 யாருடைய எண் என்று பார்த்தால், கேள்வி கேட்ட கணினியின் சொந்த எண்ணாகவே இருக்கும். தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. உறுதிசெய்ய எளிய வழி, வீட்டு வைஃபையை விட்டுக் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்து பார்ப்பது. ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்று தொடங்கும் எண்ணைத் தருகிறது. அதில் சர்வர் திறந்தால் பெரும்பாலும் மோதல்தான் காரணம். வீட்டு ரூட்டரின் எண் வரிசையை மாற்றினால் அந்த ஒரு வீட்டுக்குத் தீர்ந்தது. நிரந்தரத் தீர்வு அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது. 10-இல் தொடங்கும் தொகுதியில் மட்டும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் உள்ளன, அதில் 10.73.20 போல யாரும் எளிதில் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்கு அலுவலகம் மாறிக்கொள்வதே முறை. பத்துப் பேர் வீட்டு ரூட்டரை மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மோதல் இல்லாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது போகும் வழி. 'ரூட் பிரிண்ட்' கட்டளை தரும் அட்டவணையில் அலுவலக எண் வரிசை விபிஎன் இடைமுகத்தை நோக்கிச் செல்கிறதா என்று பார்த்தால் போதும். வயர்கார்டு விபிஎன்னில் இதை 'அலவ்ட் ஐபிஸ்' என்ற வரி முடிவுசெய்கிறது. அதில் விபிஎன் சர்வரின் எண்ணை மட்டும் எழுதிவிட்டு அலுவலக எண் வரிசையைச் சேர்க்க மறப்பது அடிக்கடி நடப்பது.

அதிகம் கவனிக்கப்படாமல் போவது திரும்பும் வழி. ஓப்பன்விபிஎன்னில் வழக்கமாக வீட்டுக் கணினிக்கு 10.8.0.6 போன்ற ஓர் எண் கிடைக்கிறது. அதிலிருந்து புறப்பட்ட பாக்கெட் 192.168.10.25 என்ற அலுவலகக் கணினியை அடைந்துவிட்டது. அது பதில் அனுப்ப முனைகிறது. 10.8.0.6 தன் நெட்வொர்க்கில் இல்லாததால், பதிலை அலுவலக ரூட்டரிடம் கொடுக்கிறது. விபிஎன் சர்வர் வேறொரு கணினியில் ஓடுகிறது என்றால், 10.8.0 எங்கே இருக்கிறது என்று அந்த ரூட்டருக்குத் தெரியாது. இணையத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. தனியார் எண் என்பதால் பதில் வழியில் மடிந்துபோகிறது. கேள்வி போய்ச் சேர்ந்ததும் பதில் தொலைந்ததும் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. விபிஎன் சர்வர் மட்டும் பிங்குக்குப் பதில் சொல்லி, அதற்குப் பின்னால் இருக்கும் எதுவுமே பேசாவிட்டால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். 10.8.0 வரிசைக்கு உரியதை விபிஎன் சர்வரிடம் கொடு என்று அலுவலக ரூட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதினால் சரியாகும். விபிஎன் சர்வர் லினக்ஸ் என்றால் அதில் 'ஐபி ஃபார்வர்டு' அமைப்பு 1 என்று இருப்பதையும் பார்க்க வேண்டும். 0 என்று இருந்தால் அது வந்த பாக்கெட்டை உள்ளே கடத்தாது.

வழிகள் இரண்டும் சரியாக இருந்தும் 445 திறக்காவிட்டால், அந்தக் கணினியின் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் ஃபைல் பகிர்வு விதி பெரும்பாலும் உள் நெட்வொர்க்குக்கு மட்டுமே அனுமதி தருகிறது. விபிஎன் வழியாக 10.8.0 எண்ணோடு வருபவர் அதற்கு வெளியாள். எரிச்சலில் ஃபயர்வாலையே அணைத்துவிடுவது பெரிய ஆபத்து. 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகள் வரை முடக்கிய வானாக்ரை என்ற பணம்பறிப்பு நிரல் பரவியது இந்த 445 வழியாகத்தான். விதியின் 'ஸ்கோப்' பகுதியில் விபிஎன் எண் வரிசையைக் கூடுதலாகச் சேர்த்தாலே போதும்.

பயனர்பெயர் கேட்டாலோ, அனுமதி இல்லை என்று மறுத்தாலோ நெட்வொர்க்கில் கோளாறு இல்லை என்று பொருள். விண்டோஸோடு வரும் விபிஎன், தான் உள்நுழைந்த பெயரையே உள்ளிருக்கும் சர்வர்களிடமும் நீட்டுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்றால் சர்வர் மறுக்கும். கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு தங்கியிருந்தாலும் இப்படி ஆகும். அதை நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விசித்திரமான அறிகுறி: பிங் வருகிறது, ஃபோல்டரும் திறக்கிறது, பெரிய ஃபைலை இழுத்தால் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் அளவு 1500 பைட் வரை. விபிஎன் தன் உறையையும் சேர்க்கும்போது அது வழி கொள்ளாத அளவுக்குப் பெருத்துவிடுகிறது. சிறியவை போய்ச் சேர, பெரியவை மட்டும் விழுந்துவிடுகின்றன. பிரிக்கக் கூடாது என்ற குறிப்போடு 1372 பைட் பிங் அனுப்பினால், தலைப்பு 28 பைட் சேர்ந்து 1400 ஆகும். அது போகவில்லை என்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, எது கடந்து போகிறதோ அதோடு 28-ஐக் கூட்டி விபிஎன் இடைமுகத்தின் எம்டியு-வாக (பாக்கெட்டின் உச்ச அளவாக) அமைக்க வேண்டும்.