காவற் கருவிகளும் கணக்கேடும்

பல நிறுவனங்களின் கணினிகளை ஒருங்கே பொறுப்பேற்றுப் பராமரிப்போர், பலர் வீட்டுத் திறவுகோல்களைக் கையில் வைத்திருப்போரை ஒப்பர். நச்சுநிரல் தடுப்பு, தீச்சுவர், காப்புப் பிரதி எனக் கருவிகள் பல அவரிடம் உண்டு. கருவிகள் மிகுவதன்று, அவை ஒழுங்குற இருப்பதே காவல் என்பது நம் கருத்து.

நம் நாட்டு நிகழ்ச்சியொன்று இதனை விளக்கும். அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சலைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பராமரித்து வந்தது. 2023 ஆகஸ்டில், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் தீநிரலொன்று அதனுட் புகுந்தது. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கிருந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்குரிய ஆதரவோ அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் பூட்டுண்டமையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் மீளவில்லை.

ஆதலின் ஒவ்வொரு கருவிக்கும் ஏட்டில் ஒரு வரி வேண்டும்: அது எதனைக் காக்கிறது, பொறுப்பாளர் யார், தவணை என்று முடிகிறது என்பன அதில் இருத்தல் வேண்டும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டில் ஒன்றை விலக்கலாம். பிரதியொன்றை இணைப்பினின்றும் பிரித்து வைத்து, திங்கள்தோறும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். பணி நீங்கியவரது கடவுச்சொல்லை அன்றே நீக்குதல் வேண்டும்.

றொசல்லத் தோட்டங்களில் நிறுத்த கொழுந்தை உடனே ஏட்டிற் பதிவதைக் கண்டு வளர்ந்தவர் நம் மாணவர். ஒரு வரி தவறினால் உழைத்தவர் கூலி குறையும் என்பதை அவர் அறிவர். கணினித் தொழில் நாடிக் கொழும்பு செல்வோர் அவ்வழக்கத்தையும் உடன்கொண்டு செல்வாராக.